மகளை நீச்சலுக்கு அனுப்புங்கள், கிணற்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்

வாசகர் கடிதம்:

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில், லால்குடிக்குப் பக்கம். போன ஆடியில் எங்கள் தெருப் பையன் ஒருவன், ஏழாவது படித்தவன், ஆற்றில் குளிக்கப் போய் இறந்துவிட்டான். அதிலிருந்து ஊரே தண்ணீர் என்றால் பயப்படுகிறது. இப்போது இளைஞர் மன்றத்துப் பையன்கள், மே மாத லீவில் பிள்ளைகளுக்கு இலவசமாக நீச்சல் சொல்லித் தருகிறோம் என்கிறார்கள். வயல்காட்டுக் கிணறு ஒன்றில் நடத்துவதாக ஏற்பாடு. பெண்பிள்ளைகளும் வர வேண்டும் என்பதற்காக, மகளிர் குழுவில் இருக்கும் என்னையும் கூட நிற்கக் கேட்கிறார்கள். என் மகளுக்கு 9 வயது. போகத் துடிக்கிறாள். அவள் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறார் என் மாமியார். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நீச்சல் தெரிந்துவிட்டால் பயம் விட்டுப்போய் ஆற்றில் இறங்கிவிடுவாளோ என்று எனக்கும் இருக்கிறது. 4 வயதில் ஒரு மகன் இருக்கிறான், அவனையும் சேர்க்கலாமா? எனக்கு நீச்சல் தெரியாது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளை அனுப்புங்கள். மகனை இப்போது அனுப்ப வேண்டாம். கிணறு வேண்டவே வேண்டாம். அவசரத்தில் படிக்கிறவர்களுக்குப் பதில் இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

நான் தீயணைப்புத் துறையில் 28 வருடம் இருந்தவன். பெயர்தான் தீயணைப்பு. டெல்டாப் பக்கம் வேலை பார்த்த வருடங்களை நினைத்தால், தீயைவிடத் தண்ணீருக்குப் போன அழைப்புகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக்கொலுசை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிக் கொக்கியைக் கயிற்றில் கட்டி, குடத்துக்குப் பதில் பிள்ளைகளைத் தேடியவன் நான். ஓய்வு பெற்றபின் கோடை லீவுகளில் நீச்சல் சொல்லித் தருகிறேன், காசு வாங்குவதில்லை. “பரிகாரம் செய்கிறார்” என்று என் மனைவி கேலி செய்வாள். இருக்கலாம்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீச்சல் தெரிந்தால் துணிச்சல் வந்து ஆபத்தில் மாட்டுவாளா என்பது எல்லாத் தாய்மாரும் கேட்கிற கேள்வி. பங்களாதேஷில் இதைப் பெரிய அளவில் செய்தே பார்த்துவிட்டார்கள். நம் டெல்டாவைப் போலவே வீட்டுக்கு வீடு குளமும் குட்டையும் உள்ள ஊர்கள் அவை. 2006 முதல் 2010 வரை நடந்த அந்தத் திட்டத்தில், கிராமத்துக் குளங்களிலேயே உள்ளூர் ஆட்களைப் பயிற்றுநர்களாக வைத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகள் மூழ்கிச் சாவது, கற்றுக்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. துணிச்சல் வந்து செத்தார்கள் என்றால் இந்த எண் வந்திருக்காது.

அங்கே அவர்கள் பிள்ளைகளை ஒலிம்பிக்குக்குத் தயார் செய்யவில்லை. 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடியே இன்னொருவரை இழுத்துப்போடத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் பாஸ் மார்க். உங்கள் ஊர்ப் பையன்களிடமும் இதையே இலக்காக வைக்கச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சி நீச்சல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மகளை நினைத்துப் பயம் வரவில்லை, மகனை நினைத்துத்தான் வந்தது. 2021இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. இவர்கள் ஆற்றுக்குப் போய்ச் சாவதில்லை. வீட்டுக் கொல்லையில், மூடி சரியாக மூடாத சம்ப்பில், மாட்டுத் தொழுவத்துத் தண்ணீர்த் தொட்டியில், கட்டடம் கட்டத் தோண்டி மழைநீர் நின்ற குழியில் போகிறார்கள். தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீர் போதும். தலைதான் கனம், கவிழ்ந்தால் எழ முடியாது.

பங்களாதேஷில் இந்தச் சின்னப் பிள்ளைகளின் சாவு பெரும்பாலும் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் நடுவில் நடப்பதைக் கண்டுபிடித்தார்கள். அம்மா அடுப்படியிலும் துணி துவைக்கும் கல்லிலும் இருக்கிற நேரம். அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் ஊரில் ஒரு பெண் குழந்தைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். அதில் இருந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நமக்கு அந்த வேலையை அங்கன்வாடி செய்கிறது, அது அந்த நோக்கத்தில் தொடங்கப்பட்டதில்லை என்றாலும். அங்கன்வாடி லீவு விடும் நாட்களில் என்ன செய்வீர்கள்? உங்கள் மகளிர் குழுவில் 12 பேர் இருந்தால், ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்ளலாம். கொல்லைக் கதவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை, சம்ப்புக்குக் கனமான மூடி, குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம். நீச்சல் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், இந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள். அவனுக்கு 6 வயது ஆகட்டும், அப்புறம் தண்ணீரில் விடலாம்.

சரி, கிணறு.

நம் தலைமுறையில் பாதிப் பேர் கிணற்றில் பழகியவர்கள்தான். முதுகில் சுரைக்குடுவை கட்டி, இடுப்பில் கயிறு போட்டு இறக்குவார்கள். என் தாய்மாமன் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “தூக்கிப் போட்டா தானா வரும்” என்று என்னையும் தம்பியையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டார். எனக்கு நீச்சல் வந்தது. தம்பிக்கு இன்று 58 வயது, ஷவருக்குக் கீழே நிற்க மாட்டான், வாளியில் மொண்டுதான் குளிக்கிறான். கிணற்றில் பழகி நன்றாக நீந்துகிறவர்கள்தான் கதை சொல்லிக்கொண்டு நம்மிடையே இருக்கிறார்கள். மற்றவர்கள் சொல்ல வரவில்லை.

கிணற்றின் கோளாறு ஆழம் மட்டும் இல்லை. பிள்ளை எங்கேயும் கால் ஊன்றி நிற்க முடியாது. நிற்க முடியாத இடத்தில் பயந்த பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான் பார்க்கும். சொல்லித் தருகிறவரின் கழுத்தைப் பிடிக்கும். கோடையில் தண்ணீர் இறங்கி, படி முடிகிற இடத்துக்கும் கீழே போய்விட்டால், ஒருவரை மேலே ஏற்றவே நான்கு ஆள் வேண்டும். 15 பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஒன்று முழுகினால், கலங்கிய தண்ணீரில் எண்ணிக்கைகூடத் தெரியாது.

கிணற்றுக்குப் பதில் பண்ணைக்குட்டை என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். தார்ப்பாய் போல பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டை பார்க்கச் சுத்தமாக, ஆழமில்லாதது போல இருக்கும். அந்த விரிப்பில் பாசி படிந்துவிட்டால் பெரியவராலேயே ஏறி வர முடியாது. சறுக்கிச் சறுக்கிக் களைத்துப்போவார். குட்டை வைத்திருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றையோ கயிற்று ஏணியையோ கரையில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். சுற்றிலும் வேலி இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு எங்கேதான் நடத்துவது? முதல் பத்து நாளுக்குப் பம்புசெட் தொட்டி போதும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றரை நான்கடித் தொட்டியில் பிள்ளையின் மார்பளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டால், 9 வயதுப் பிள்ளை காலூன்றி நிற்கும். முகத்தை முக்குவது, மூச்சு விடுவது, மிதப்பது எல்லாம் அங்கேயே வந்துவிடும். ஒரே ஒரு கண்டிப்பு: தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டு மெயினை நிறுத்திய பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும். பம்புசெட்டில் நான் போன அழைப்புகளில் தண்ணீரைவிட மின்சாரம்தான் அதிகம் கொன்றிருக்கிறது. ஒட்டுப்போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அந்தத் தொட்டியே வேண்டாம்.

பத்து நாளுக்குப் பிறகு ஊர்க் குளத்துக்குப் போகலாம், அப்படியே இறங்கி இல்லை. பங்களாதேஷ் கிராமங்களில் ஒரு வேலை செய்கிறார்கள், நம் ஊர்ப் பந்தல்காரர் யாரும் ஒரே நாளில் செய்துவிடுவார். மூங்கிலால் பெரிய கட்டில் போல ஒரு தளம். அதைக் குளத்துக்குள் இறக்கி, முளை அடித்துக் கட்டிவிட்டு, சுற்றிலும் மூங்கில் தட்டி அடைக்கிறார்கள். உள்ளே நின்றால் பிள்ளையின் மார்பளவு தண்ணீர். குளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வகுப்பு நடக்கும் இடத்தில் காலூன்ற ஒரு தரை இருக்கிறது, நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்கிறது. சாக்கடை கலக்காத குளமா, அடியில் கண்ணாடிச் சில்லும் முள்ளும் கிடக்கிறதா என்று முதல் நாள் பெரியவர்கள் காலால் துழாவிப் பார்க்கட்டும். ஊராட்சித் தலைவரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். கேட்டால் வந்து மீட்புச் செயல்விளக்கம் காட்டிவிட்டுப் போவார்கள், அதற்குக் காசு இல்லை.

ஆற்றில் மட்டும் வகுப்பு வேண்டாம், ஒரு நாள்கூட. உங்கள் கொள்ளிடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வருடத்தில் பல மாதம் மணல்வெளியாகக் கிடக்கும். மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி திறந்தால், முக்கொம்பில் அந்த வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத்தான் திருப்பிவிடுவார்கள். நேற்று கிரிக்கெட் விளையாடிய இடத்தில் இன்று ஆளை இழுக்கும் ஓட்டம். அதைவிட மோசம், தண்ணீர் வடிந்தபின் மணல் அள்ளிய குழிகள் நிரம்பி நிற்பது. முழங்காலளவில் நடந்துகொண்டே இருப்பான், அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளம். குழியின் ஓரத்து மணல் காலுக்குக் கீழே சரிந்துகொண்டே இருக்கும், ஏற ஏற உள்ளேதான் இழுக்கும். உங்கள் தெருப் பையனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. அந்த இடத்தில் உயிர்காப்பது வேகமாக நீந்துவது இல்லை. மல்லாந்து படுத்து, பதறாமல் மூச்சு விட்டுக்கொண்டு, ஓட்டம் கொண்டுபோய் ஓரத்தில் விடும்வரை மிதக்கத் தெரிவதுதான்.

அதனால் வகுப்பில் முதலில் மிதப்பு, பிறகுதான் கையும் காலும். பையன்கள் தலைகீழாகச் செய்வார்கள், முதல் நாளே கையை வீசு, காலை உதை என்பார்கள். வேண்டாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னந்தலையை உள்ளங்கையில் தாங்க வேண்டும். இடுப்பு மடங்கினால் மூழ்கும், “வயிற்றை வானத்துக்குக் காட்டு” என்றால் நிமிர்ந்துவிடும். காது தண்ணீருக்குள் போகும்போதுதான் பிள்ளைகள் மிரளும். ஊர்ச் சத்தம் எல்லாம் சட்டென்று நின்று, தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். முதல் நாள் திமிறிக்கொண்டு எழும். மூன்றாம் நாள் உள்ளங்கையை எடுத்துவிட்டு இரண்டு விரல் மட்டும் வைத்திருப்பேன். ஐந்தாம் நாள் விரலையும் எடுத்துவிடுவேன், அதற்குத் தெரியாது. கண்ணை மூடிக் கிடக்கும், எழுப்பினால் கோபித்துக்கொள்ளும்.

மிதக்க வந்ததும், உடுப்போடு விழப் பழக்குங்கள். சாவு நீச்சல் உடையில் வருவதில்லை. போட்டிருக்கும் பாவாடை சட்டையோடு, தொட்டி விளிம்பிலிருந்து நழுவி விழுந்து, திரும்பி, விளிம்பைப் பிடிக்க வேண்டும். இதை இருபது தடவை செய்த பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காற்றடைத்த லாரி ட்யூபைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம், கவிழ்ந்தால் தலை கீழேயும் கால் மேலேயும் மாட்டிக்கொள்ளும். சுரைக்குடுவையே தேவலை.

இலவசம் என்றால் கூட்டம் வரும், அதுதான் அடுத்த ஆபத்து. நான் கூட இருந்து நடத்திய முதல் முகாம் ஒரு நகரத்து நீச்சல் குளத்தில். வாருங்கள் வாருங்கள் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டோம். 64 பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். முடிந்து கரையேற்றி எண்ணினால் 63. மறுபடி எண்ணினோம், 63. அடுத்த நான்கு நிமிடம் இரண்டு பேரும் குளத்தின் அடியைக் கையால் தடவிக்கொண்டே போனோம். அந்தப் பெண் வாசலில் ஐஸ்காரரிடம் சேமியா ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டக்கூட எனக்குக் குரல் வரவில்லை. மறுநாளிலிருந்து ஆளுக்கொரு அட்டை போட்டோம். இறங்கும்போது ஆணியில் மாட்ட வேண்டும், ஏறும்போது எடுக்க வேண்டும். ஆணியில் அட்டை இருந்தால் பிள்ளை தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு பயிற்றுநருக்கு 5 பிள்ளைகள், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். 60 பேர் வந்து, பயிற்றுநர் மூன்று பேர் இருந்தால், நான்கு அணியாகப் பிரித்து நேரம் கொடுங்கள், மே முழுக்க இருக்கிறதே. பெயர் எழுதும்போது வலிப்பு உண்டா, காதில் சீழ் வடிகிறதா, மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலிப்பு வரும் பிள்ளையை டாக்டர் சொல்லாமல் இறக்கக் கூடாது. அம்மாக்கள் இதை மறைப்பார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைக்கு. நீங்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள். உங்களைக் கூட நிற்கச் சொன்ன பையன்கள் விவரமானவர்கள்தான்.

கரையில் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் சொல்லித் தரக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, அரட்டை அடிக்கக் கூடாது. தண்ணீரைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் சினிமா நம் எல்லோரையும் ஏமாற்றிவைத்திருக்கிறது. மூழ்குகிறவர் “காப்பாத்துங்க” என்று கத்துவதில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும், அந்த மூச்சுக்குத்தான் அவர் போராடிக்கொண்டிருக்கிறார். கையை ஆட்டிக் கூப்பிட மாட்டார். இரண்டு கையும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும், ஏணி ஏறுகிற மாதிரி. உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போகும். இது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். “நின்னு விளையாடுறான்னு நெனச்சோம் சார்” என்று எத்தனை கரைகளில் கேட்டிருக்கிறேன். சத்தம் போடும் பிள்ளையைவிட, சட்டென்று சத்தம் நின்ற பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எனக்கு நீச்சல் வகுப்பைவிட முக்கியமாகப் படுகிற விஷயம். 2022 ஜூனில் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன 7 பெண்கள் ஒரே நாளில் இறந்தார்கள். பெரும்பாலும் சிறுமிகள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் 4 பேர் மாயனூர் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். ஒருவர் போகிற இடத்தில் ஏழும் நான்கும் ஏன் ஆகிறது? முதலில் வழுக்கியவளைப் பிடிக்க அடுத்தவள், அவளைப் பிடிக்க அதற்கடுத்தவள் என்று இறங்குவதால் இப்படி ஆகிறது. எங்கள் வேலையில் ஒரே இடத்தில் அண்ணன் தம்பியை, அப்பா மகளை, சேர்த்து எடுத்தது நிறைய. மூழ்குகிறவருக்கு நீங்கள் அம்மா என்று தெரியாது, ஏறி நிற்க ஒரு கட்டை என்றுதான் தெரியும். நன்றாக நீந்துகிறவரையே அமுக்கிவிடுவார்.

இதற்கு நேர் மாறான ஒன்று 2020 ஆகஸ்டில் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் துணி துவைக்க வந்த 3 பெண்கள், 4 இளைஞர்கள் தத்தளிப்பதைப் பார்த்தார்கள். கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள், மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அந்த ஆண்டு அரசு மூவருக்கும் துணிச்சலுக்கான கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். கூச்சம் பார்க்காமல் அதை அவிழ்க்கத் தோன்றியதே, விருது அதற்குத்தான் என்று நான் சொல்வேன்.

உங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைப் பழக்குங்கள்: இறங்காதே, கத்து, எதையாவது எறி. 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று எடுத்து, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். காலிக் கேனைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், அந்த ஒரு டம்ளர் கனத்துக்குத்தான் அது நேராகப் போகும். கைப்பிடியில் 15 மீட்டர் நைலான் கயிறு. ஆளின் மேலேயே எறியக் கூடாது. ஆளைத் தாண்டிப் போட்டு, இழுத்து, அவர் கைக்குக் கொண்டுவர வேண்டும். கயிற்றின் இந்த முனையைக் காலால் மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுக் கயிற்றையும் சேர்த்து எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான். இழுக்கும்போது நிற்காமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதே போல் இரண்டு கேன் செய்து ஆற்றுப் படித்துறைப் பக்கத்து மரத்தில் எப்போதும் தொங்கட்டும். திருட்டுப் போனால் இன்னொன்று செய்யுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தலைக்கு மேலே சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது. மூன்றும் தவறு. அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போகும், கையில் இருக்கும் கொஞ்ச நேரமும் போய்விடும். மூச்சு இல்லை என்றால், ஒருவர் 108க்குப் பேசும்போதே இன்னொருவர் தொடங்க வேண்டும். சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை ஊதுங்கள், மார்பு எழும்பும் அளவுக்கு. மாரடைப்பு மாதிரி இல்லை, மூழ்கியவருக்குப் பற்றாமல் போனது காற்றுதான், அதனால் அதுதான் முதலில். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், மாறி மாறி. பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்த வேண்டும். சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துத் தொந்தரவு கொடுக்கும். படித்தால் இது கைக்கு வராது. பொம்மையை வைத்துப் பழக வேண்டும், அதற்குத்தான் தீயணைப்பு நிலையத்துக்கு அந்தக் கடிதம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளைகள் முதல் வாரத்தோடு நின்றுவிடுவார்கள். நீச்சல் பிடிக்காமல் இல்லை, கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் ஆட்களால்தான். அவர்களுக்குக் காலை 6 மணிக்கு, ஆண்கள் யாரும் வராத தனி நேரம் வையுங்கள். துப்பட்டா வேண்டாம், அது கழுத்திலும் காலிலும் சுற்றும். லெக்கின்ஸும் டீ சர்ட்டும் போதும். தண்ணீரில் இறங்கிச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும், ஊரில் நாற்று நடும் பெண்களில் நன்றாக நீந்துகிறவர் ஒருவராவது இருப்பார், தேடிப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்களும் இறங்குங்கள். 9 வயது மகள் கற்றுக்கொள்ளும் அதே தொட்டியில் அம்மாவும் கற்றுக்கொள்ளலாம். என்னிடம் 52 வயதில் மிதக்கக் கற்ற அம்மா ஒருவர் இருக்கிறார், இப்போது என்னை அதட்டுகிறார்.

மாமியாரிடம் ஜாதகத்தைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், நானாக இருந்தால் செய்ய மாட்டேன். தண்ணீரில் கண்டம் இருக்கிற பிள்ளைக்குத்தானே நீச்சல் கட்டாயம் தெரிய வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால், கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அவரையே கூப்பிடுங்கள். பயப்படுகிறவர் கண் தண்ணீரை விட்டு நகராது, எனக்குக் கிடைத்த நல்ல காவலர்கள் எல்லாம் பாட்டிமார்தான். ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். உள்ளே உருண்டை இருக்கிற விசில் நனைந்தால் ஊதாது, உருண்டை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.